பெருமாள்மலை ஜீப் பட்டறை: வீல் பேரிங் வேலைக்கு நம்பிப் போகலாம், அவசரமாகப் போகக்கூடாது

கொடைக்கானல் மலையில் ஜீப் வைத்திருப்பவர்கள் வீல் பேரிங்குக்கு (சக்கரம் தடையில்லாமல் சுற்ற உள்ளே இருக்கும் உருளை வளையம்) எங்கே விடுவது என்று கேட்டால் இப்போதைக்கு நான் சொல்லும் இடம், பெருமாள்மலையில் பழனி ரோடு பிரிகிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தகரக் கூரைப் பட்டறைதான். போர்டு எதுவும் கிடையாது. டீக்கடையில் ஜீப் மேஸ்திரி என்று கேட்டால் கையைக் காட்டுவார்கள்.

என் வண்டி பழைய மஹிந்திரா எம்எம் 540. தாண்டிக்குடிப் பக்கம் தோட்டத்து வேலை, காப்பி மூட்டை, மிளகு, ஆள் ஏற்றி இறக்குவது எல்லாம் அதில்தான். தோட்டத்துக்குள் தார் ரோடு கிடையாது, மழைக்காலத்தில் ஓடையைக் கடக்காமல் வீடு வந்து சேர முடியாது. இப்படி ஓடுகிற வண்டிக்கு என்ஜின் ஆயிலைவிட முன்சக்கர பேரிங்தான் முதல் கவலை என்பது என் கருத்து, இதில் சண்டைக்கு வருபவர்கள் வரலாம். மலை இறங்கும்போது பிரேக் டிரம் காய்கிறது, அதோடு ஒட்டியிருக்கும் ஹப்பும், அதாவது பேரிங் உட்காரும் சக்கரத்தின் நடுக்குடமும், காய்கிறது. அந்தச் சூட்டோடு ஓடைத் தண்ணீரில் இறக்கினால் ஹப்புக்குள் இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, கிரீஸை உள்ளேயும் தண்ணீரை வெளியேயும் நிறுத்தும் வளையமான ஆயில் சீல் லேசாகத் தேய்ந்திருந்தாலும் போதும், தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

போன முறை இடது முன்சக்கரத்தைக் கழற்றி உள்ளே இருந்த கிரீஸை மேஸ்திரி விரலில் எடுத்துக் காட்டினார், பால் கூடிப்போன டீ நிறத்தில் இருந்தது. தண்ணீர் கலந்தால் அப்படித்தான் ஆகும். பிறகு பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, உருளைகள் ஓடும் வெளி வளையமான கப்பின் உள்பக்கத்தில் டார்ச் அடித்து, "நகத்தை வச்சு இழுத்துப் பாருங்கண்ணே" என்றார். கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்த இடத்தில் நகம் மாட்டியது. பொடிப்பொடியாகக் குழி. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தால் சத்தம் வந்திருக்கும், அதற்கப்புறம் பேரிங் மாட்டியிருக்கும் அச்சான ஸ்பிண்டிலையும் தின்றிருக்கும், ஸ்பிண்டில் செலவு எவ்வளவு என்று மாற்றியவர்களைக் கேளுங்கள்.

பக்கத்தில் நின்ற பையன் இன்னொரு பேரிங்கைக் கழுவிவிட்டு ஏர் பைப்பை வைத்துச் சுழற்றப் போனான், அவனுக்கு விழுந்த திட்டை இங்கே எழுத முடியாது. கிரீஸ் இல்லாமல் காற்றில் வேகமாகச் சுற்றினால் உருளை தேயும், உருளைகளைப் பிடித்திருக்கும் கூடு பிய்ந்து முகத்தில் தெறிக்கவும் செய்யும். இந்த விஷயம் தெரியாமல் எத்தனை பட்டறையில் விசில் சத்தம் வரும் அளவுக்குச் சுற்றி விளையாடுகிறார்கள்!

கிரீஸ் வைக்கிற விதத்தைப் பார்த்துத்தான் எனக்கு இந்த ஆள் மேல் நம்பிக்கை வந்தது. உள்ளங்கையில் ஒரு கட்டி கிரீஸ் வைத்து, கோனின் (உருளைகளோடு இருக்கும் உள் வளையம்) அகலமான பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, உருளைகளுக்கு நடுவே புகுந்து மறுபக்கம் பிதுங்கி வரும்வரை சுற்றிக்கொண்டே வருவார். மேலே தடவிவிட்டால் உள்ளே போகாது. அதே சமயம் ஹப் முழுவதும் கிரீஸை அடைப்பதும் இல்லை, அடைத்தால் சூடாகி சீலைத் தள்ளிக்கொண்டு வந்து பிரேக் ஷூவை நனைத்துவிடும். ஒரு பக்க ஷூ நனைந்த ஜீப்பை ஓட்டிக்கொண்டு வத்தலக்குண்டு காட் ரோட்டில் இறங்கிப் பாருங்கள், பிரேக் மிதித்ததும் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், அந்தப் பக்கம் பள்ளமாகத்தான் இருக்கும்.

அப்புறம் நட் இறுக்குவது. கீழே சமவெளியில் ஒரு பட்டறையில் உளியும் சுத்தியலும் வைத்துத்தான் ஹப் நட்டை இறுக்கினார்கள், நட்டின் முனை எல்லாம் மழுங்கி, பேரிங் இறுகிப்போய், ஊர் வந்து சேர்வதற்குள் ஹப்பில் கை வைக்க முடியவில்லை. இவர் அதற்கென்றே இருக்கும் பெரிய பாக்ஸ் ஸ்பேனரில், சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே முதலில் இறுக்கி, பிறகு கொஞ்சம் பின்வாங்கி, வாஷர் போட்டு லாக் நட்டை முறுக்கியதும் மறுபடி ஆட்டம் பார்க்கிறார். லாக் நட் முறுக்கும்போது உள் நட்டும் சற்று இறுகும், அதனால் அந்த இரண்டாவது பார்வைதான் முக்கியம். மனசுக்குப் பிடிக்கவில்லை என்றால் எல்லாவற்றையும் கழற்றி முதலிலிருந்து. அன்றைக்கு வலது பக்கத்துக்கு அப்படித்தான் மூன்று தடவை நடந்தது, எனக்குப் பசி வேறு.

நீங்களாகவே சோதித்துப் பார்க்க ஒரு வழியும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். ஜாக்கி போட்டு, கட்டை வைத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங், நிற்காவிட்டால் சக்கரம் இடம் வலம் திரும்ப உதவும் முளையான கிங்பின் பக்கம் பார்க்க வேண்டும். சத்தத்தை நம்பி இருக்காதீர்கள். மலையில் இரண்டாவது கியரில் போடுகிற இரைச்சலில் பேரிங் ஊளை காதில் விழாது, காட் ரோடு முடிந்து வத்தலக்குண்டு நேர் ரோட்டில் வேகம் எடுக்கும்போதுதான் கேட்கும். வலது பக்கம் திரும்பும்போது கூடினால் பெரும்பாலும் இடது சக்கரம்.

எத்தனை நாளுக்கு ஒரு தடவை? சாதாரண ரோட்டு வண்டிக்கு 20,000 கிலோமீட்டர் என்று கணக்கு வைப்பார்கள். நம் ஊர் வண்டிக்கு அந்தக் கணக்கு ஆகாது. ஐப்பசி மழைக்கு முன்னால் ஒன்று, காப்பிப் பழம் எடுத்து முடிந்ததும் ஒன்று, நடுவில் ஹப் முங்குகிற அளவு தண்ணீரில் இறங்கினால் உடனே கழற்றிப் பார்த்துவிடுவது. பேரிங்கும் ஹப்பும் ஒரே யூனிட்டாக வரும் புது மாடல் வண்டிகளில் கிரீஸ் வைக்கிற வேலை கிடையாது, ஆட்டம் வந்தால் மொத்தமாக மாற்றுவதுதான்.

குறை இல்லாமல் இல்லை. போன் எடுக்க மாட்டார். காலையில் விட்ட வண்டி சாயங்காலம் கிடைக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை, சீசன் நேரத்தில் டூரிஸ்ட் ஜீப்புகள் வரிசை கட்டினால் கேட்கவே வேண்டாம். பில் கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார். கூலியும் மற்ற இடங்களைவிடக் கூடத்தான், ஆனால் பேரிங் பெட்டியை நம் கண் முன்னால் பிரிக்கிறார், பழையதைக் கையில் கொடுத்துவிடுகிறார், டூப்ளிகேட் பேரிங் இவ்வளவு புழங்குகிற காலத்தில் அதற்கே கூடக் கொடுக்கலாம். கப்பை விட்டுவிட்டு கோனை மட்டும் மாற்றித் தாருங்கள் என்று பேரம் பேசினால் வண்டியை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிடுவார், அது சரிதான், இரண்டும் ஜோடியாக மாற்றினால்தான் உழைக்கும்.

சாமான் இருப்பு குறைவு. பேரிங் செட், ஆயில் சீல், லாக் வாஷர் மூன்றையும் திண்டுக்கல்லிலோ வத்தலக்குண்டிலோ வாங்கிக்கொண்டு போய்விடுங்கள், இல்லையென்றால் வண்டியைக் கட்டை மேல் நிறுத்திவிட்டு பஸ் ஏற வேண்டியிருக்கும்.