இழுத்துப் பிடிப்பதா, வட்டத்தில் விடுவதா?

1875இல் அமைந்த ரேஸ் கோர்ஸும் ஏப்ரல் சீசன் பந்தயங்களும் உள்ள நுவரெலியாவில் சவாரி பழகுகிறவருக்கு, பந்தயத்தில் ஓடி ஓய்ந்த தரோபிரெட் இனக் குதிரை அமைவது உண்டு. அதை டிரெசாஜுக்கு, அதாவது குதிரையை நிதானமான, கட்டுப்பாடான அசைவுகளுக்குப் பழக்கும் சவாரிக் கலைக்கு, திருப்பும்போதுதான் சிக்கல். நடைக்கும் பாய்ச்சலுக்கும் இடைப்பட்ட துள்ளுநடையில் சில எட்டுகள் நிதானமாக வைக்கும். பிறகு கடிவாளத்தில் பாரத்தைப் போட்டுப் பாய்ந்துவிடும். இதற்கு இரண்டு வைத்தியங்கள் சொல்கிறார்கள்.

ஒன்று, கையை நம்புவது. லகானைச் சுருக்கிப் பிடி, அடங்காவிட்டால் முரட்டுக் கடிவாளம் போடு, அதுவும் போதாவிட்டால் தலை தாழ துணைவார் எனும் கூடுதல் வாரைக் கட்டு. உடனே பலன் தெரியும், கழுத்து அழகாக வளையும். வளைவது கழுத்து மட்டும்தான். முதுகு இறுகியே கிடக்கும், பின்கால்கள் வயிற்றுக்கு அடியில் வரவே வராது. அதோடு, ஜாக்கி இறுக்கிப் பிடித்த லகானில் சாய்ந்தே ஓடிப் பழகிய பிராணி இது. நாம் இழுப்பதைப் பாய்வதற்கான உத்தரவாகவே எடுத்துக்கொள்ளும். போட்டிக் களத்தில் துணைவாருக்கு அனுமதியும் இல்லை.

மற்றது, இருக்கையை, அதாவது நாம் சேணத்தில் அமரும் விதத்தை, நம்புவது. 20 மீட்டர் வட்டத்தில் விட்டு, வேகம் ஏறும் முன்பே நடைக்கு மாற்றி, சில எட்டுகளில் மறுபடி துள்ளுநடைக்கு வருவது. நிமிர்ந்து அமர்ந்து, காலை மெல்ல அணைத்து, விரல்களை ஒரு கணம் மூடித் திறப்பது, குதிரையை நிறுத்தாமல் நிதானப்படுத்தும் அரைநிறுத்தம். பலர் மூடுவதோடு சரி, திறக்க மறந்துவிடுகிறார்கள். பாயும் குதிரையைக் காலால் அணைப்பதா என்று பயம் வரும். ஆனால் காலே படாமல் ஓட்டிய குதிரைதான், தற்செயலாகக் கால் பட்டதும் அலறியடித்து ஓடும். வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். பார்ப்பவர்களுக்கு ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும். என் ஓட்டு இதற்குத்தான்.

ஆனால் நம் மலைகளில் சமதளம் அரிது. தேயிலைச் சரிவோரப் புல்வெளியில் வட்டமிட்டால், இறக்கத்தில் பாரம் முன்கால்களில் விழுந்து குதிரை தானாகவே வேகமெடுக்கும். அதைத் திமிர் என்று எண்ணித் தண்டிப்பது அநியாயம். ஏற்றத்தில் தாராளமாக முன்செல்ல விட்டு, இறக்கம் தொடங்குமுன் நடைக்கு மாற்றுங்கள். மழையில் நனைந்த புல்லென்றால் அன்று நடையோடு போதும்.

சீசன் கூட்டத்தில், வாகன இரைச்சலுக்கு மிரண்டு ஓடினால் மட்டும் நுட்பம் பேச நேரமில்லை. அப்போது கையே கை: ஒரு பக்க லகானால் திருப்பி, வட்டத்தைப் படிப்படியாகச் சிறிதாக்கி நிறுத்த வேண்டும்.

எந்த வழியில் இறங்கினாலும் முதலில் பல்லையும் சேணத்தையும் பார்த்துவிடுங்கள். பந்தயத்தை விட்ட குதிரையின் முதுகுத் தசை மாறிக்கொண்டே வரும். சென்ற ஆண்டு பொருந்திய சேணம் இப்போது உறுத்தலாம்.