ஒரேயடியாகக் குதிப்பதா, வேலையில் இருந்துகொண்டே தொடங்குவதா?

பட்டம் வாங்கியதும் என்ன செய்வதென்றே தெரியாமல் நிற்பவர்களின் கவலை ஒரு வகை. எழுத்து, ஆராய்ச்சி, சொந்தத் தொழில் என்று ஏதோ ஓர் ஆசை ஏற்கெனவே மனதில் உட்கார்ந்திருப்பவர்களின் கவலை வேறு வகை. நான் பேசுவது அவர்களோடுதான். ஒரேயடியாக ஆசையில் இறங்கலாம். மாதச் சம்பளத்துக்குப் போய்க்கொண்டே மாலையில் அதைச் செய்யலாம். இல்லையென்றால் மேலே படிக்கலாம்.

குதித்தவர்களில் எனக்குச் சட்டென்று நினைவுக்கு வருபவர் சார்லஸ் டார்வின். 1831-இல் கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்றார். அந்த டிசம்பரிலேயே, 22 வயதில், உலகைச் சுற்றும் ஆய்வுப் பயணத்துக்கு பீகிள் என்ற கப்பலில் கிளம்பிவிட்டார். இரண்டு வருடம் என்று போட்ட கணக்கு ஐந்து வருடத்தைத் தொட்டது. மாலை நேரத்தில் செய்கிற காரியமா அது? சில ஆசைகளைத் துண்டு போட முடியாது. ஓட்டப்பந்தயம், நடனம் போல உடம்பும் வயதும் சேர்ந்து கேட்பவையும் அப்படித்தான். அவற்றுக்குக் குதிப்பதே சரி.

ஆனால் டார்வினின் அப்பா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. தாய்மாமன் பேசித்தான் சம்மதிக்க வைத்தார். பிறகு மகனின் செலவைத் தாங்கியதும் அதே அப்பாதான். துணிச்சலைப் பற்றி மேடையில் முழங்குபவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுவார்கள். தாங்கிப்பிடிக்க ஆள் இல்லையென்றால் அந்த அப்பாவின் வேலையை உங்கள் சேமிப்புதான் செய்ய வேண்டும். சம்பளத்தில் கால் பங்கை மிச்சம் பிடித்தால், மூன்று மாத உழைப்பு ஒரு மாதச் செலவுக்கு ஆகும். ஆறு மாதம் தாக்குப்பிடிக்க ஒன்றரை வருடம் வேலை பார்க்க வேண்டும். கேட்க அலுப்பாக இருந்தாலும் கணக்கு இதுதான்.

இரண்டாவது வழிக்கு ஐன்ஸ்டைன். 1900-இல் படிப்பு முடிந்தும் நிலையான வேலை கிடைக்காமல், ட்யூஷன் எடுத்துக் காலம் தள்ளினார். 1902-இல்தான் பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் இடம் கிடைத்தது, அதுவும் மூன்றாம் நிலைப் பரிசோதகராக. சிறப்புச் சார்பியல் கட்டுரை உட்பட 1905-இல் அவர் எழுதியவையெல்லாம் அந்த வேலையில் இருந்தபடி எழுதியவை. அந்தக் கட்டுரையின் முடிவில் அவர் நன்றி சொல்லியிருப்பது ஒரே ஒருவருக்கு: அதே அலுவலகத்தில் வேலை பார்த்த நண்பர் மிஷேல் பெஸ்ஸோ. சும்மா சோறு போட்ட வேலை என்று அதைத் தள்ளிவிட முடியுமா? பேச்சுத்துணையும் அங்கேயே கிடைத்திருக்கிறது.

மேல்படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அந்தத் துறைக்குள் நுழையவே அது தேவை என்றால் படியுங்கள். முடிவெடுப்பதைத் தள்ளிப்போடத்தான் என்றால், இரண்டு வருடம் கழித்து இதே கேள்வி கடனோடு வந்து நிற்கும்.

என் ஓட்டு வேலைக்குத்தான். ஆனால் எந்த வேலை என்பதில் நான் முதல் தடவை சறுக்கினேன். சம்பளத்தை மட்டும் பார்த்துச் சேர்ந்தேன். இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பி நோட்டைத் திறந்து, தேதியை எழுதுவேன். அதற்குக் கீழே ஒன்றும் வராது. அப்புறம் ஒருநாள் புரட்டிப் பார்த்தால், பதினோரு பக்கத்தில் வெறும் தேதிதான். அடுத்த வேலையில் சம்பளம் குறைவு, ஆனால் ஐந்தரைக்கு விட்டுவிடுவார்கள். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் என்றாலும் வருடத்துக்கு 260 மணி நேரம். அந்த நோட்டு ஏழு மாதத்தில் தீர்ந்தது.

இன்னொன்று, ஒப்பந்தத்தைக் கையெழுத்துப் போடுமுன் முழுக்கப் படியுங்கள். உங்கள் சொந்த நேரத்தில் செய்வதும் நிறுவனத்துக்கே சொந்தம் என்று சில இடங்களில் ஒரு வரி இருக்கும். ஆப்பிள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக், எச்.பி. நிறுவனத்தில் வேலை பார்த்தபோது, தான் வடிவமைத்த கணினியை முதலில் அவர்களிடமே காட்டினார். அவர்கள் வேண்டாம் என்ற பிறகுதான் 1976-இல் ஆப்பிள். அப்போதும் உடனே வேலையை விடவில்லை.

நேர்முகத் தேர்வில் வேலை நேரம் என்ன என்று கேட்காதீர்கள், தாளில் இருப்பதைத்தான் சொல்வார்கள். அங்கே ஒரு வருடமாக இருக்கும் யாரையாவது பிடித்து, நேற்று எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள் என்று கேளுங்கள்.