தி ஓடின் புராஜெக்ட்: சனி, ஞாயிறு மட்டும் படிப்பவர்களுக்கு எப்படி?

வேலைக்குப் போய்க்கொண்டே ஃப்ரன்ட்எண்ட் (வெப்சைட்டில் பயனர் பார்க்கும், தொடும் பகுதியை உருவாக்குவது) படிக்க ஆசைப்படுபவர்கள் எங்கே தொடங்கலாம் என்று கேட்டால் நான் முதலில் சொல்வது தி ஓடின் புராஜெக்ட் என்ற இணையப் பாடத்தளம். முழுக்க இலவசம், ஓப்பன் சோர்ஸ், அதாவது அதன் மூலக் கோடு எல்லோருக்கும் திறந்தே இருக்கும். அதன் முதல் பகுதியான ஃபவுண்டேஷன்ஸ் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன்.

கோடிங் கற்றுத்தரும் இன்னொரு தளமான ஃப்ரீகோட்கேம்ப்பும் இலவசம்தான், நல்லதும்தான். எதையும் இன்ஸ்டால் செய்யாமல் பிரவுசரிலேயே எழுதிப் பழகலாம். ஆனால் பல பாடங்களில் அடுத்த வரி என்ன என்று அதுவே சொல்லிக்கொண்டு வரும். ஓடின் அப்படியில்லை. கொஞ்சம் பாடம், படிக்கச் சொல்லி எம்டிஎன் என்ற வெப் தொழில்நுட்பக் கையேட்டுத் தளத்தின் சில பக்கங்கள், அப்புறம் காலி ஃபைல் ஒன்றோடு உங்களை விட்டுவிடும், மீதியை நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

செய்யச் சொல்லும் புராஜெக்ட்டுகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது எட்ச்-எ-ஸ்கெட்ச். பிரவுசரில் ஓடும் நிரல் மொழியான ஜாவாஸ்கிரிப்டாலேயே 16க்கு 16 கட்டங்கள் உருவாக்கி, மவுஸ் போகிற இடமெல்லாம் நிறம் மாறச் செய்ய வேண்டும். ஒரு வரிசைக்கு எத்தனை கட்டம் என்று பயனரிடம் கேட்டு, உச்சவரம்பு 100 என்று வைக்கச் சொல்கிறார்கள். 100 என்றாலே 100க்கு 100, அதாவது 10,000 டிவ் (பக்கத்தில் ஒவ்வொரு கட்டமாக நிற்கும் எச்டிஎம்எல் பெட்டி), அதற்கு மேல் போனால் பிரவுசர் திணறும் என்பது போட்டுப் பார்த்தால்தான் உறைக்கும். கடைசியில் வரும் கால்குலேட்டர் புராஜெக்ட்டில், எழுத்தாகக் கொடுத்த கணக்கை அப்படியே ஓட்டிவிடும் இவால் என்ற ஜாவாஸ்கிரிப்ட் வசதியைப் பயன்படுத்தக் கூடாது, 12 + 7 - 1 என்று அழுத்திக்கொண்டே போனால் கழித்தலை அழுத்தியதும் 19 வந்து நிற்க வேண்டும், பூஜ்யத்தால் வகுத்தால் நொறுங்கக் கூடாது. ஒரு வார இறுதி முழுக்க இதற்கே போய்விடும், போகட்டும், வேரியபிளில் (மதிப்பைச் சேமித்து வைக்கும் பெயரில்) எதை எப்போது வைக்க வேண்டும் என்ற தெளிவு இதில்தான் வருகிறது.

குறைகளும் உண்டு. விண்டோஸில் நேரடியாக வேலை செய்வதை அவர்கள் ஆதரிப்பதில்லை. மேக் இல்லாதவர்கள் லினக்ஸ் போட வேண்டும், அல்லது விண்டோஸுக்குள்ளேயே அதை ஓட்ட வழி செய்ய வேண்டும். ஆபீஸ் லேப்டாப் மட்டும் இருப்பவர்களுக்கு இது பெரிய தடை. பாடமெல்லாம் ஆங்கிலம், அதுவும் நீளமான கட்டுரைகள். பக்கத்தில் பெட்டிகளை வரிசையாக அடுக்க உதவும் ஃப்ளெக்ஸ்பாக்ஸுக்கு இன்னும் பயிற்சி வேண்டும் என்றால் ஃப்ளெக்ஸ்பாக்ஸ் ஃப்ராகி விளையாட்டின் 24 நிலைகளையும் முடித்துவிடுங்கள், ஒரு மாலை போதும். பக்கத்தை வரிசை, நெடுவரிசையாகப் பிரித்து அடுக்கும் சிஎஸ்எஸ் கிரிட் ஃபவுண்டேஷன்ஸில் வராது. ஒரு வெப்சைட்டின் முகப்புப் பக்கத்தை உருவாக்கும் லேண்டிங் பேஜ் புராஜெக்ட்டிலும் மொபைலைப் பற்றி இப்போதைக்குக் கவலைப்பட வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள், நம் ஊரில் பாதிப் பேர் போனில்தான் எதையும் பார்க்கிறார்கள் என்பதால் எனக்கு இது சரியாகப் படவில்லை. அந்த இடத்தில் ஃப்ரீகோட்கேம்ப்பின் ரெஸ்பான்சிவ் வெப் டிசைன் (திரையின் அளவுக்கு ஏற்பப் பக்கத்தை மாற்றியமைப்பது) பாடத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சான்றிதழ் கிடைக்காது. அதற்குப் பதில் புராஜெக்ட்டுகளை, நம் கோடை வெப்சைட்டாக யாரும் திறந்து பார்க்க வைக்கும் கிட்ஹப் பேஜஸில் ஏற்றலாம், அதற்கும் காசு இல்லை. இன்டர்வியூவில் லிங்க் அனுப்பித் திறந்து காட்ட உங்களிடம் ஏதாவது இருக்கும்.