ஆறு இலக்க ஓடிபியும் தாமிரபரணி ஆறும்

என் பழைய கைபேசி எண்ணை இப்போது தென்காசிப் பக்கத்துச் சுரண்டைக்காரர் ஒருவர் வைத்திருக்கிறார். ஊருக்கு வந்த மூன்றாம் நாள் அவரைக் கூப்பிட்டு, என் பெயரைச் சொல்லி, "உங்களுக்கு இப்போது ஓர் ஓடிபி வந்திருக்கும், அதைக் கொஞ்சம் சொல்ல முடியுமா அண்ணாச்சி?" என்று கேட்டேன். அடுத்த இரண்டு நிமிடம் கிடைத்த வசவை அப்படியே எழுத முடியாது. சாரம் இதுதான்: ஓடிபியை யாருக்கும் சொல்லக் கூடாது என்று வங்கியில் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கிறேன் என்றால் நம்புவதற்குத் தான் ஒன்றும் பச்சைப்பிள்ளை இல்லை, காவல் நிலையம் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறது. அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் பேசியிருப்பேன்.

2019க்குப் பிறகு 2025இல்தான் திருநெல்வேலிக்கு வர முடிந்தது. டெக்சஸில் பள்ளிகள் மே மாத இறுதியிலேயே கோடை விடுமுறைக்கு மூடிவிடுவதால் ஜூன் கடைசி வாரத்தில் வந்து ஜூலை நடுவில் திரும்புவதாகத் திட்டம். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டமும் குற்றாலச் சீசனும் ஒன்றாகக் கிடைக்கும் காலம் அது. பதினான்கு வயது மகள், ஒன்பது வயது மகன், நான். டவுனில் சித்தி வீட்டில் தங்கல். வெயில் டாலஸ் வெயிலுக்கு இளைத்ததில்லை. ஆனால் பிற்பகலில் மேற்கே கணவாய்ப் பக்கமிருந்து காற்று கிளம்பிவிடும். மாடியில் காயப்போட்ட துணி பக்கத்து வீட்டுக்கு விருந்து போகிற காற்று.

இந்த ஆறு ஆண்டுகளில் ஊரில் எல்லாச் சேவையும் கைபேசிக்குள் போய்விட்டது. இளநீர் வெட்டுகிறவரிடம் சில்லறை இல்லை, க்யூஆர் அட்டை இருக்கிறது. ஆட்டோவில், பூக்காரரிடம், செருப்புத் தைக்கிறவரிடம் அதே அட்டை. பத்து நாடுகளின் எண்களை வைத்தே வெளிநாட்டு இந்தியர்கள் யுபிஐ பயன்படுத்தலாம் என்று 2023 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டார்கள். அமெரிக்காவும் அந்தப் பட்டியலில் உண்டு. நான் கணக்கு வைத்திருக்கும் கிளையில் அதைச் சொன்னபோது அங்கிருந்தவர் என்னிடமே விளக்கம் கேட்டார். அதனால் போன இடமெல்லாம் அறுபத்தெட்டு வயதுச் சித்தி தன் கைபேசியை நீட்டிப் பணம் செலுத்தினார். நான் ஒரு டைரியில் தேதிவாரியாகக் கடன் எழுதிக்கொண்டு வந்தேன். "ஏ பிள்ளை, டாலர் சம்பாதிக்கிறவள் என்னிடம் கடன் வாங்குகிறாள் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டேன்" என்று சித்திக்கு ஒரே பெருமை.

ஆதார்தான் பெரிய முடிச்சு. ஜூலை 1 முதல் இணையத்தில் தத்கால் டிக்கெட் எடுக்க ஆதார் சரிபார்ப்பு கட்டாயம் என்று ரயில்வே அறிவித்திருந்தது. சென்னைக்குத் திரும்பும் டிக்கெட்டை நான் எடுத்து வைத்திருக்கவில்லை. என் ஆதாரோ சுரண்டைக்காரரின் எண்ணோடு கட்டுண்டு கிடந்தது. எண்ணை மாற்ற நேரில் போய் விரலை வைத்தாக வேண்டும். ஓர் ஆதார் மையத்தில் காலை ஒன்பது மணிக்கே டோக்கன் தீர்ந்திருந்தது. மறுநாள் எட்டு மணிக்குப் போனேன், மின்சாரம் இல்லை. மூன்றாம் முறை இன்னும் முன்னதாகப் போய் நின்றபோது, கூட்டத்துக்கு நடுவே ஒருவர் நிதானமாக என் சீட்டில் தேதி எழுதித் தந்தார்: ஜூலை 8. வீட்டில் காட்டினால் சித்தி விழுந்து விழுந்து சிரிக்கிறார். அன்றைக்குத்தான் நெல்லையப்பர் தேர். மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. திருநெல்வேலியில் உட்கார்ந்துகொண்டு தேரன்று வா என்று ஒருவர் எழுதித் தருகிறார், நானும் அதை வாங்கிப் பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன்!

எண் கேட்காத சேவை ஒன்றும் இருந்தது. டவுன் பஸ். 2021 மே முதல் அரசு நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று செய்தியாகத் தெரியும். ஏறி உட்கார்ந்தது இப்போதுதான். ஜங்ஷனில் ஏறினோம். நடத்துநர் எனக்கும் மகளுக்கும் கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு மகனைப் பார்த்தார். அவனுக்கு அரை டிக்கெட். அடையாள அட்டை இல்லை, ஓடிபி இல்லை, எந்த நாட்டுக் குடிமக்கள் என்ற கேள்வி இல்லை. குடும்பத்தில் தான் ஒருவன் மட்டும் காசு கொடுத்துப் பயணம் செய்வது என்ன நியாயம் என்று அவன் ஈரடுக்கு மேம்பாலம் தாண்டும்வரை கேட்டுக்கொண்டே வந்தான். எங்களுக்குப் பக்கத்தில் மூன்று கூடை முருங்கைக்காயோடு உட்கார்ந்திருந்த அம்மாள், "கூடைக்கு லக்கேஜ் வாங்குகிறார்கள் ராசா, நான் யாரிடம் போய்ச் சொல்ல?" என்று அவனுக்கு ஆறுதல் சொன்னார்.

காலையில் எழுந்ததும் குறுக்குத்துறைக்குப் போய்விடுவோம். தாமிரபரணிக்கு நடுவே பாறைமேல் உட்கார்ந்திருக்கும் முருகன் கோயில். வெள்ளம் வருகிறது என்றால் உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மூலவர் மூழ்கி எழுவார். 2023 டிசம்பர் வெள்ளத்திலும் ஆறு கோயிலை மூடிக்கொண்டுதான் போனது. நாங்கள் போனபோது முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவே தண்ணீர். படிக்கட்டில் கால் வைத்ததும் சின்ன மீன்கள் கூட்டமாக வந்து பாதத்தைக் கொத்தின. மகன் அலறிவிட்டு, பிறகு அதற்காகவே மணிக்கணக்கில் உட்கார்ந்தான். இங்கே உயிர்காப்பாளர் யார் என்று முதல் நாள் என்னிடம் கேட்டான். டெக்சஸ் நீச்சல் குளங்களில் உயர நாற்காலி போட்டு விசில் வைத்துக்கொண்டு இருப்பார்களே, அவர்களைத் தேடினான். பதில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஓர் ஆச்சியிடமிருந்து வந்தது. தலையை நிமிர்த்தாமலே, "அந்த வழுக்குப் பாறைக்கு அங்கிட்டுப் போகாதே, கசம் இருக்கிறது" என்றார். கசம் என்றால் ஆழமான மடு. அடுத்த ஒரு மணி நேரத்தில் இதே சொல்லை ஏழெட்டுப் பிள்ளைகளுக்குச் சொன்னார். சேலையைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு கிளம்புமுன் இன்னொரு பெண்ணிடம், "இந்தப் பயலைப் பார்த்துக்கொள், ஆழம் தெரியாதவன்" என்று பொறுப்பை ஒப்படைத்துவிட்டுத்தான் போனார்.

படித்துறை முழுக்க ஷாம்பு உறைகள் என்பதையும் எழுதத்தான் வேண்டும். தமிழ்நாட்டுக்குள்ளேயே பிறந்து தமிழ்நாட்டுக்குள்ளேயே கடலில் சேரும் வற்றாத ஆறு என்று பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்லி வாயை மூடவில்லை, கரையோரமாகச் சாக்கடை கலக்கிற இடத்தை மகள் காட்டினாள். அங்கிருந்து மேலே தள்ளிப் போய்க் குளித்தோம்.

குற்றாலத்தில் இரண்டு நாள் தங்க ஆசைப்பட்டு ஒரு விடுதிக்குப் போனோம். பிள்ளைகளின் அமெரிக்கக் கடவுச்சீட்டைப் பார்த்ததும் வரவேற்பில் இருந்த இளைஞருக்கு முகம் மாறிவிட்டது. வெளிநாட்டுக் குடிமக்கள் தங்கினால் விடுதிக்காரர்கள் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் அதை இணையத்தில் பதிய வேண்டும் என்பது விதி. அதை எப்படிப் பதிவது என்று அவருக்குத் தெரியவில்லை. உரிமையாளர் தொலைபேசியை எடுக்கவில்லை. "உங்களுக்கு மட்டும் ரூம் தருகிறேன் மேடம்" என்றார். ஒன்பது வயதுப் பையனை எங்கே விடுவதாம்! வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு வருகிறவர்கள் அறை பதியும் முன்பே இதைக் கேட்டுவிடுவது நல்லது. ஆன்லைனில் கட்டிய முன்பணத்துக்காக நான் ஐந்து மின்னஞ்சல் அனுப்ப வேண்டியிருந்தது.

ஆகவே அன்று மாலையே வீடு திரும்பி, இரண்டு நாள் கழித்துச் செங்கோட்டை பாசஞ்சரில் போனோம். அந்த இளைஞருக்கு இதற்காக நன்றி சொல்லலாம். சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், ஆழ்வார்குறிச்சி என்று ஒவ்வொரு பெயர்ப்பலகையையும் மகள் எழுத்துக்கூட்டி வாசித்தாள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு ஆறு ஆண்டு கட்டிய பணம் கல்லிடைக்குறிச்சியில் வசூலாகிவிட்டது. அப்பளத்துக்குப் பேர்போன ஊர் அது என்று எதிரே இருந்தவர் சொன்னார். கடையம் வந்ததும் பாரதியின் மனைவி செல்லம்மாள் ஊர் என்று நான் சொன்னேன். கடையம் தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே மலை கறுத்து, முகத்தில் சாரல் விழுந்தது. 2025இல் கேரளத்தில் பருவமழை மே 24ஆம் தேதியே தொடங்கிவிட்டதால் ஐந்தருவியில் ஐந்து கிளையிலும் தண்ணீர். பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டுகிறது என்று குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். பழைய குற்றாலத்தில் 2024 மே மாதம் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனது. அதை நினைத்தால் அந்தத் தடையை நான் குறை சொல்ல மாட்டேன். ஐந்தருவியில் பெண்கள் வரிசை மளமளவென்று நகர்ந்தது. காவலுக்கு நின்ற பெண் காவலர் மகளின் தோளைப் பிடித்து அருவிக்கு அடியில் சரியான இடத்தில் நிறுத்திவிட்டார். முதல் அடி தலையில் விழுந்ததும் அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். சிரிப்பு தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. எங்கள் சின்ன வயதில் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு போவோம். இப்போது எண்ணெய்க்கும் சோப்புக்கும் தடை, பாறை சுத்தமாக இருக்கிறது. ஓர் அருவிக்கரையில் பெண்கள் உடை மாற்றும் அறை மட்டும் தாழ்ப்பாள் இல்லாமல், தரையெல்லாம் சேறாக, பார்க்கவே கூசியது. மங்குஸ்தான் வாங்கித் தின்றுகொண்டே செங்கோட்டைப் பக்கம் பார்டர் பரோட்டாக் கடைக்குப் போனோம். அங்கே மகன் தின்ற கணக்கை எழுதினால் கண் படும்.

ஜூலை 8. விடிவதற்குள் ரத வீதிக்குப் போய்விட்டோம். பிள்ளையார், முருகன், சுவாமி, அம்பாள், சண்டிகேசுவரர் என்று ஐந்து தேர். நெல்லையப்பர் தேரை இயந்திரம் வைத்துத் தள்ளுவதில்லை, மனிதக் கையால் மட்டுமே இழுப்பது என்பது இந்த ஊரின் வைராக்கியம். 1505இல் முதல் தேர் ஓடியதாகக் கணக்கு; இது 519ஆம் தேரோட்டம் என்றார்கள். முந்தைய ஆண்டு வடம் பலமுறை அறுந்த காட்சியை டாலஸில் கைபேசியில் பார்த்துச் சித்திக்கு அழைத்துப் புலம்பியிருந்தேன். இம்முறை வடம் புதிது. இரு கையாலும் பிடித்தாலும் விரல் சேரவில்லை. நார் உள்ளங்கையை அறுத்தது. "நெல்லையப்பா!" என்று குரல் எழுந்ததும் எல்லோரும் இழுத்தோம், ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி இழுத்தோம். பின்னாலிருந்து தடி போடுகிறவர்கள் சக்கரத்துக்கு அடியில் உத்தரத்தைக் கொடுத்து நெம்பினார்கள். கையிலிருந்த வடம் முதலில் நீண்டது போலத் தோன்றியது. அப்புறம்தான் தேர் நகர்கிறது என்று உள்ளங்காலில் தெரிந்தது.

எனக்குக் கண்ணை எடுக்க முடியாமல் போனது சறுக்குக்கட்டை போடுகிறவர்கள்மேல்தான். சக்கரத்துக்கு இந்தப் பக்கம் ஒருவர் குந்தி உட்கார்ந்து, உருண்டு வரும் சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னால் ஆப்பு போன்ற மரக்கட்டையை வைத்து, கையை உருவிக்கொள்கிறார். தேர் திரும்புவதும் நிற்பதும் அந்தக் கட்டையை எந்தச் சாய்வில் வைக்கிறார் என்பதைப் பொறுத்தது. கட்டை நசுங்கிக் கருகிய வாடை வருகிறது. உடனே அடுத்த கட்டை. இதை எங்கே படித்தார் என்று ஓய்வில் கேட்டேன். அப்பா வைத்தார், பக்கத்தில் நின்று பார்த்தேன் என்றார். அவர் இடது கைச் சுண்டுவிரல் பாதிதான் இருந்தது. கேட்கவில்லை.

வீதி நெடுக மோரும் பானக்காரமும் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். பத்து மணிக்கு மகனைக் காணோம். பத்து நிமிடம் எனக்கு உயிர் இல்லை. காவல் உதவி மையத்துக்கு ஓடினால், அங்கே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருக்கிறான். அம்மா எண் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். அவன் டாலஸ் எண்ணைச் சொல்லியிருக்கிறான், அதுவோ அணைந்து கிடந்தது. கடைசியில் "சித்தியாச்சி வீடு, வாசலில் பெரிய வேப்பமரம், எதிரே மாவு மில்" என்று சொல்லியிருக்கிறான். அந்தக் காவலருக்கு அது போதுமாக இருந்தது; ஆள் அனுப்பிவிட்டார்.

இருட்டுக்கடை அல்வாவுக்குத் தேரன்று நிற்க முடியாது என்று இரண்டு நாள் கழித்து மாலை ஐந்து மணிக்கே போனோம். மங்கலான விளக்கு, தெருவளவு வரிசை. கையில் வைத்தால் நெய் விரலிடுக்கில் வழிகிறது. தாமிரபரணித் தண்ணீர்தான் ருசிக்குக் காரணம் என்று வரிசையில் நின்றவர் சொன்னார். ஷாம்பு உறைகள் என் நினைவுக்கு வந்தன, வாயைத் திறக்கவில்லை.

இதற்கிடையில் ஆதார் மையத்தில் நான்காம் முறை நின்று விரலை வைத்துவிட்டு வந்திருந்தேன். புறப்படும் நாள் வரையில் பதில் இல்லை. தத்காலைச் சித்தி மகன் தன் கணக்கில் எடுத்துக் கொடுத்தான். முந்தின நாள் காலை பத்து மணி அடித்ததும் வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு அவன் கைபேசியைச் சுற்றி நின்றது. டைரியில் கூட்டிப் பார்த்தால் சித்திக்கு நான் 23,460 ரூபாய் கொடுக்க வேண்டியிருந்தது. ரொக்கமாகக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்துவிட்டு அறுபது ரூபாயை மகன் கையில் திணித்தார், அரை டிக்கெட் காசாம்.

2023 செப்டம்பரிலிருந்து ஓடும் வந்தே பாரத் காலை ஆறு மணி வாக்கில் கிளம்பியது. இருக்கை சுத்தம், கழிவறை சுத்தம், நேரம் பிசகவில்லை. கடம்பூரை விசுக்கென்று தாண்டியது. நின்றிருந்தால் போளி வாங்கியிருக்கலாம். அப்போது கைபேசி மினுங்கியது. உங்கள் ஆதாரில் புதிய எண் சேர்க்கப்பட்டுவிட்டது.