வாக்கிங் பேட் வாங்கப் போகிறீர்களா? பெல்ட் வேகத்தைச் சோதித்து வாங்குங்கள்

கட்டிலுக்கு அடியில் தள்ளி வைக்கும் கைப்பிடியில்லாத வாக்கிங் பேட்கள் (நடப்பதற்கான தட்டையான சிறு டிரெட்மில்கள்) பெரும்பாலும் மணிக்கு 1 முதல் 6 கி.மீ. வரை ஓடும். நடைக்கு இது தாராளம், ஓட்டத்துக்கு உதவாது. பெரும்பாலோருக்கு விறுவிறு நடை 4.8 கி.மீ. வாக்கில் தொடங்குகிறது. நிமிடத்துக்குச் சுமார் 100 காலடி விழும். பேச்சு வரும், பாட மூச்சு போதாது. லேப்டாப்பில் வேலை பார்த்தபடி 2.5 கி.மீ.யில் நடப்பது உட்கார்ந்தே இருப்பதைவிட நல்லதுதான். ஆனால் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வாரம் 150 நிமிட மிதமான உடற்பயிற்சிக் கணக்கில் அது சேராது.

ஆகவே திரையில் தெரியும் எண் உண்மையா என்பதுதான் முதல் கேள்வி. பிளக்கைக் கழற்றிவிட்டு பெல்ட்டின் ஓரத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். கையால் உருட்டி முழுச் சுற்றையும் அளந்துகொள்ளுங்கள். 2.4 மீட்டர் வந்தால், 4 கி.மீ. வேகத்தில் அந்தக் கோடு நிமிடத்துக்கு ஏறக்குறைய 28 தடவை வர வேண்டும். ஆள் இல்லாமல் ஒருமுறை, ஆள் நடக்கும்போது ஒருமுறை எண்ணுங்கள். ஆள் ஏறியதும் 25 ஆகக் குறைந்தால் கிடைப்பது 3.6 கி.மீ.தான்.

காரணம் மோட்டார் திணறுவதாக இருக்கலாம், பெல்ட்டின் அடிப்பக்கம் காய்ந்திருக்கலாம். காய்ந்திருந்தால் கையேட்டில் சொன்ன அளவு சிலிக்கான் ஆயில் விடுங்கள். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் வேண்டவே வேண்டாம். கால் வைக்கும்போதெல்லாம் பெல்ட் நொடிநேரம் நின்று நகர்ந்தால் அது தளர்ந்திருக்கிறது. பின்னால் இருக்கும் இரண்டு போல்ட்டையும் ஆலன் கீயால் (அறுகோண முனைச் சாவி) கால் சுற்று மட்டும் இறுக்கிப் பாருங்கள். அதிகம் இறுக்கினால் பேரிங் போய்விடும். மோட்டாரில் 'பீக்' ஹெச்.பி.யை, அதாவது சற்று நேரம் மட்டும் எட்டும் உச்சக் குதிரைத்திறனை நம்பாமல், தொடர்ந்து தரும் ஹெச்.பி. எவ்வளவு என்று கேளுங்கள்.

பெல்ட்டின் நீளமும் வேகத்தோடு சேர்ந்ததே. 6 கி.மீ.யில் நிமிடத்துக்கு 120 காலடி நடந்தால் ஒரு காலடி 83 செ.மீ. வருகிறது. நடக்கும் இடம் ஒரு மீட்டர்தான் என்றால் உயரமானவர்களின் கால் மோட்டார் மூடியில் இடிக்கும். அவர்கள் 120 செ.மீ.க்குக் குறைந்ததை வாங்கக் கூடாது.

வயதானவர்களுக்குக் கைப்பிடி உள்ளதையே வாங்குங்கள். அவர்களின் நடைவேகத்தை அறிய மெஷின் வேண்டாம், வெறுந்தரையே போதும். வழக்கமான நடையில் 4 மீட்டர் கடக்க 5 நொடிக்கு மேல் ஆனால், அதாவது நொடிக்கு 0.8 மீட்டருக்கும் குறைந்தால், பேட் வாங்குவதற்கு முன் மருத்துவரிடம் காட்டுங்கள்.