சேலம் ஐந்து ரோடு பக்கத்தில் முன்னாள் ராணுவத்தினருக்கான வங்கித் தேர்வு வகுப்பு: எங்கள் அனுபவம்

என் வீட்டுக்காரர் 17 வருட சர்வீஸ் முடித்து 37 வயதில் ஊருக்கு வந்தார். "இந்த வயசுலயே ரிட்டயர்டா, கொடுத்து வச்சவர்"னு சொல்லாத ஆள் இல்லை. ராணுவத்தில் ஓய்வு வயது எல்லோருக்கும் ஒன்றில்லை, ரேங்கைப் பொறுத்தது. லெப்டினன்ட் ஜெனரல் 60 வரை இருக்கலாம், ஜவான்களில் பெரும்பாலானவர்கள் நாற்பதை ஒட்டியே வெளியே வந்துவிடுகிறார்கள். பென்ஷன் வருகிறது, சரி. ஆனால் பிள்ளைகள் இன்னும் பள்ளிக்கூடத்தில், வீட்டுக் கடன் பாதியில். அந்த நிலையில்தான் இங்கே சேர்ந்தோம்.

நடத்துபவர் ஓய்வு பெற்ற சுபேதார். விசாரிக்கப் போன அன்று நானும் உடன் இருந்தேன். ஃபீஸைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் டிஸ்சார்ஜ் புக்கை (ராணுவத்திலிருந்து விடுவிக்கும்போது கொடுக்கும் சர்வீஸ் விவரப் புத்தகம்) கேட்டார், பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டினார். வங்கி கிளார்க் வேலைக்குப் பொதுவான உச்ச வயது 28. முன்னாள் ராணுவத்தினருக்கு அதோடு சர்வீஸ் வருடங்களையும் இன்னும் 3 வருடத்தையும் கூட்டிக்கொள்ளலாம், 50ஐத் தாண்டக்கூடாது, அவ்வளவுதான். அதாவது இவருக்கு 48 வயது வரை வாய்ப்பு இருக்கிறது. "வயசு போச்சு" என்று மாதக்கணக்கில் மூலையில் உட்கார்ந்திருந்த மனிதர் அன்றைக்கு வீட்டுக்கு வந்து பழைய சான்றிதழ்களையெல்லாம் எடுத்து அடுக்க ஆரம்பித்தார். டிகிரி இல்லையே என்ற கவலையும் அங்கேயே தீர்ந்தது. பத்தாவது தேறி 15 வருடத்துக்குக் குறையாமல் சர்வீஸ் இருந்தால் முன்னாள் ராணுவத்தினருக்கான ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கலாமாம். பொதுத்துறை வங்கிகளில் கிளார்க் இடங்களில் 14.5 சதவீதம் இவர்களுக்கு என்று இருப்பதே எங்களுக்கு அதுவரை தெரியாது.

இன்னொன்றும் சொன்னார், இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒதுக்கீட்டில் ஒரு அரசு வேலையில் சேர்ந்துவிட்டால் அடுத்த வேலைக்கு அந்தச் சலுகை போய்விடும். ஆனால் சேர்வதற்கு முன்பே வேறு எங்கெல்லாம் விண்ணப்பித்திருக்கிறோம் என்று தேதியோடு எழுதி, சேர்ந்த உடனே அலுவலகத்தில் கொடுத்துவிட்டால், அந்த விண்ணப்பங்களுக்கு மட்டும் சலுகை தொடரும். அந்த ஒரு தாளைக் கொடுக்காமல் நல்ல வாய்ப்பை விட்ட ஒருவர் இதே வகுப்பில் இருக்கிறார். டிஸ்சார்ஜுக்கு ஒரு வருடம் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம் என்பதால், லீவில் வரும்போதே சாரைப் பார்த்துவிடுவது நல்லது.

பாடம் என்று பார்த்தால் கணக்கும் ரீசனிங்கும் அருமை, பழைய வினாத்தாளை நேரம் வைத்துப் போட வைக்கிறார்கள். ஆங்கிலம்தான் தேறவில்லை. தேர்வைத் தமிழில் எழுத முடிந்தாலும் ஆங்கிலப் பகுதி ஆங்கிலத்தில்தான் வரும். ரெஜிமென்ட்டில் இத்தனை வருடம் ஹிந்தியில் பேசியே பழகியவர்களுக்குக் காலேஜ் பிள்ளைகளுக்கான புத்தகத்தைக் கொடுத்து நீங்களே படியுங்கள் என்றால் எப்படி? அடிப்படையில் இருந்து சொல்லித்தர ஒரு ஆசிரியர் கட்டாயம் வேண்டும். கம்ப்யூட்டர்களும் போதாது, வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது.

அப்புறம், இங்கே வங்கி, ரயில்வே தவிர வேறு பேச்சே இல்லை. இவரோடு வேலை பார்த்த ஏற்காட்டுக்காரர் ஒருவர் மலையில் காபி, மிளகு வைத்துச் சின்னதாகத் தொழில் தொடங்க நினைக்கிறார். தமிழக அரசின் 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தில் 1 கோடி ரூபாய் வரை கடன், 30 சதவீத மூலதன மானியம், 3 சதவீத வட்டி மானியம் எல்லாம் இருப்பதை முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார். எல்லோராலும் திரும்பப் பரீட்சை எழுத முடியாது, வகுப்பில் இதற்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்.

அக்னிவீர் (அக்னிபத் திட்டத்தில் ராணுவத்தில் சேர்ந்த) பையன்களின் பெற்றோர் சிலரும் வந்து விசாரிக்கிறார்கள். அவர்களுக்கு 4 வருடம்தான், நிரந்தரமாக எடுப்பது 25 சதவீதம் வரை, மற்றவர்களுக்குப் பென்ஷன் கிடையாது. மேலே சொன்ன வயதுக் கணக்கை அப்படியே நம்பி வரவேண்டாம், தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஃபீஸ் நியாயம், தவணையிலும் வாங்கிக்கொள்கிறார்கள். வகுப்பு நேரம்தான் பெரிய சிக்கல். காலை பத்து மணிக்கு ஆரம்பம், படிப்பவர்களில் பாதிப் பேர் இரவெல்லாம் செக்யூரிட்டி வேலை பார்த்துவிட்டு ஓமலூர், வாழப்பாடியில் இருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள், உட்கார்ந்ததுமே கண் சொக்குகிறது. சார், மாலையில் ஒரு பேட்ச் ஆரம்பியுங்கள், என் வீட்டுக்காரரே இன்னும் நாலு பேரைக் கூட்டி வருவார்.