ஸ்டோரிவீவர் தளமும் தமிழ்க் குழந்தையின் முதல் நிலையும்

மாலை நேரப் படிப்பு மையம் ஒன்றில் தன்னார்வலராக இருக்கும் நான், பிரதம் புக்ஸ் நிறுவனம் நடத்தும் ஸ்டோரிவீவர் என்ற இலவசக் கதைத் தளத்தைப் பிள்ளைகளோடு தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். எங்களிடம் வரும் பிள்ளைகள் பலரின் வீட்டில் பள்ளிப் பாடநூலைத் தவிர வேறு புத்தகம் கிடையாது என்பதால், தளம் அழகாக இருக்கிறதா என்பதைவிட, அதிலுள்ள கதை பிள்ளையின் கைக்குப் போய்ச் சேருகிறதா என்பதையே நான் அளவுகோலாகக் கொண்டேன்.

1995-இல் மும்பையில் தொடங்கப்பட்ட பிரதம் அமைப்பு ஏழைப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தபோது, கற்றுக்கொண்ட பிள்ளைக்கு அடுத்துக் கொடுக்கத் தாய்மொழியில் மலிவான நல்ல புத்தகம் போதிய அளவில் இல்லை. அந்தக் குறையை நிரப்ப 2004-இல் லாப நோக்கமற்ற பதிப்பகமாக உருவானதுதான் பெங்களூருவைச் சேர்ந்த பிரதம் புக்ஸ். அச்சுப் புத்தகம் மட்டும் போதாது என்று கண்டு, 2015 செப்டம்பர் 8, உலக எழுத்தறிவு நாளன்று, அது ஸ்டோரிவீவரைத் திறந்தது. இன்று 300-க்கும் மேற்பட்ட மொழிகளில் அங்கே கதைகள் உள்ளன. தமிழிலும் தாராளமாகக் கிடைக்கின்றன.

இத்தளத்தின் உண்மையான பலம் அதன் உரிமமே என்பேன். ஆசிரியர், ஓவியர் பெயர்களைக் குறிப்பிட்டால் போதும். கதையைப் பதிவிறக்கலாம், அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம், மாற்றியும் எழுதலாம். ஒரே ஒரு கைப்பேசியைச் சுற்றிப் பத்துப் பிள்ளைகள் முட்டிமோதுவதை இரண்டு நாள் பார்த்த பிறகு, நான் கதைகளை ஜெராக்ஸ் கடையில் அச்சிட்டு, பின் அடித்துக் கொடுக்கத் தொடங்கினேன். கறுப்பு வெள்ளையில் அச்சிடுவோர் இரவுக் காட்சிகள் நிறைந்த கதைகளைத் தவிர்ப்பது நல்லது. படம் முழுவதும் மை அப்பியதுபோல் ஆகிவிடும். பெயர்கள் அடங்கிய கடைசிப் பக்கத்தைச் செலவு மிச்சம் என்று விட்டுவிடவும் கூடாது.

எனக்குத் தயக்கம் தருவது நிலைப் பகுப்பு. முதல் நிலைக் கதை 250 சொற்களுக்குள், இரண்டாம் நிலை 600 வரை, மூன்றாம் நிலை 1500 வரை, அதற்கு மேல் நான்காம் நிலை என்று சொல் எண்ணிக்கையை ஒட்டிப் பிரித்திருக்கிறார்கள். ஆங்கிலத்துக்கு இந்தக் கணக்கு ஓரளவு பொருந்தலாம். தமிழிலோ 'ஓடிக்கொண்டிருந்தது' என்பது கணக்கில் ஒரே சொல். எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளைக்கு அது பத்து எழுத்து, நடுவே இடப்பக்கம் கொம்பும் வலப்பக்கம் காலுமாக ஒரு 'கொ', அதற்குள் மூச்சே முட்டிவிடும். ஆகவே 'பூனை ஓடியது, நாய் பார்த்தது' என்று போகும் இரண்டாம் நிலைக் கதையைச் சரளமாக வாசித்த மூன்றாம் வகுப்புச் சிறுமி, வரிக்கு மூன்றே சொல் உள்ள முதல் நிலைக் கதையில் தடுமாறுவதைக் கண்டிருக்கிறேன். பேச்சில் 'ஓடிட்டிருந்துச்சு' என்றே கேட்டு வளரும் பிள்ளைக்கு எழுத்துத் தமிழ் பாதி புது மொழி என்பதையும் எந்தச் சொல் எண்ணிக்கையும் காட்டாது.

யார் வேண்டுமானாலும் மொழிபெயர்க்கலாம் என்ற திறப்பு இருக்கும் இடத்தில் எல்லா மொழிபெயர்ப்பும் ஒரே தரத்தில் இருக்க முடியாது. எனவே கொடுப்பதற்கு முன் கதையை ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பார்க்க வேண்டும். நாக்கு எங்கே தட்டுகிறதோ, அங்கே பிள்ளையும் நிற்கும். ஒலியோடு வரும் கதைகளில் வாசிக்கப்படும் சொல் தனித்துத் தெரியும் ஏற்பாடு, தடுமாறும் பிள்ளைகளுக்கு மெய்யாகவே உதவுகிறது.

நிலை பொருந்தவில்லை என்றால் கதையை எளிமையாக்கி வேறு நிலையில் வெளியிடும் வசதியையும் தளமே தருகிறது. புதிதாகத் தொடங்கும் மையங்கள் அதைப் பயன்படுத்தலாம். எங்கள் மையத்தில் இப்போது தளத்தின் எண்ணை அப்படியே விட்டுவிட்டு, அட்டையின் மூலையில் பென்சிலால் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள் வைக்கிறோம். எத்தனை புள்ளி என்பதை அந்தக் கதையை முதலில் வாசித்து முடிக்கும் பிள்ளைதான் தீர்மானிக்கும்.